பழுது எங்கே?

கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் நேரும் பழுதை மனிதர் இரு வகையாக எதிர்கொள்கின்றனர். "எல்லாம் போயிற்று" என்று முடிவு கட்டிவிடுவோர் ஒரு சாரார். "எது போயிற்று? எது இன்னும் நிலைத்திருக்கிறது?" என்று வினவுவோர் மற்றொரு சாரார். முன்னவர்க்கு நேரம் மிச்சமாகிறது. பின்னவரால் பிறர் பொருள் மிச்சமாகிறது. இந்த வேறுபாட்டை எனக்குத் தெளிவாக உணர்த்தியது நூலன்று. ஒரு பழைய மோட்டார் வண்டியின் தானியங்கி கியர் பெட்டி.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சோள வயல்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கே பேருந்து கிடையாது. வண்டி இல்லாதவர் வீட்டுக்குள் அடைபட்டவரே. நம் நாட்டில் கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்றியே பழகிய எனக்கு, அந்நாட்டு வண்டிகளின் தானியங்கி ஏற்பாடு முதலில் மாயமாகவே தோன்றியது. இடது காலுக்கு வேலையில்லை. நெம்புகோலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் வண்டி தானே கியர் மாற்றிக்கொள்கிறது.

மாயம் ஏதுமில்லை. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதன் காற்று பட்டு மற்றொன்றும் மெல்லச் சுழலுமல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்தால் அதுவே டார்க் கன்வெர்ட்டரின் அடிப்படை. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனத்தில் இருந்தவை கப்பல்கள். பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழுத் தானியங்கி கியர் பெட்டியான ஹைட்ராமேட்டிக், 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் இடம்பெற்றது. அதற்குப் பின்னே, ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பல சக்கரங்கள் கோள்களைப் போல் வலம்வரும் அமைப்பில் பற்சக்கரங்கள் உள்ளன. எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது, எதை விடுவது என்பதைச் சிறு கிளட்சுகளும் பட்டைகளும் முடிவு செய்கின்றன. அவற்றை இயக்குவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெய்க்கு வழி திறந்து மூடுவன மின்காந்த வால்வுகள். வால்வுகளுக்குக் கட்டளையிடுவது ஒரு சிறு கணினி. இரும்பு, எண்ணெய், மின்சாரம் ஆகிய மூன்றும் ஒத்துழைத்தால்தான் வண்டி நகரும். மூன்றில் எது தவறினாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றே: "கியர் சரியில்லை."

எங்கள் ஊரில் எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்துவந்தார். மறைந்த கணவர் விட்டுச்சென்ற 1995-ஆம் ஆண்டு மாதிரி எஸ்.யூ.வி. ஒன்றே அவருக்கு இருந்த வாகனம். சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தமையால், வாரத்தில் மூன்று நாள் நாற்பது மைலுக்கு அப்பாலுள்ள மருத்துவமனைக்குச் சென்று இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொண்டாக வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் அந்த வண்டி முரண்டு பிடித்தது. பாரம் மிகுந்த வண்டியை இழுக்கும் கிழட்டு எருதைப் போல் முக்கி முனகிப் புறப்பட்டது. சில நாள் கியர் மாறும். சில நாள் மாறாது. பட்டறைக்குக் கொண்டுபோனார். அவர்கள் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பெட்டி தீர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், மூவாயிரத்து இருநூறு டாலர் ஆகும்" என்றார்கள். வண்டியை விற்றால் அதில் பாதிகூடத் தேறாது. அவருக்கோ ஓய்வூதியம் தவிர வேறு வருவாய் இல்லை. பழுதுபார்க்கவும் வழியில்லை, பாராதிருக்கவும் வழியில்லை.

டிராக்டர்களையும் லாரிகளையும் பழுதுபார்த்து முதுமையடைந்த மெக்கானிக் ஒருவர் அவ்வூரில் இருந்தார். நான் கேட்டுக்கொண்டதன்பேரில் வந்தார். வந்தவர் கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, மூதாட்டியிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். தொல்லை குளிர்ந்த நிலையிலா, சூடேறிய பின்னரா? முன்னே செல்லும்போது மட்டுமா, பின்னே வரும்போதுமா? இயந்திரம் சீறியும் வண்டி நகராமல் வழுக்குகிறதா, அல்லது இயந்திரமே திணறுகிறதா?

"வழுக்கவில்லை, திணறுகிறது" என்றார் மூதாட்டி. பிறகு, பொருட்படுத்தத் தகாத செய்தியைச் சொல்வதுபோல், "இப்போதெல்லாம் சாவியைத் திருப்பினால் வண்டி உயிர்பெறுவதில்லை. நெம்புகோலை நியூட்ரலுக்குத் தள்ளினால்தான் கிளம்புகிறது" என்று சேர்த்தார்.

முதியவர் நிமிர்ந்தார். "ஃபாதர், வண்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். ரிவர்ஸ் போடுகிறேன், வெள்ளை விளக்கு எரிகிறதா பாருங்கள்" என்றார். எரியவில்லை.

அக்கணமே காரணத்தை அவர் ஊகித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆயினும், ஊகத்தை முடிவாக்க அவர் விரையவில்லை. முதலில் எண்ணெயைப் பார்த்தார். கியர் எண்ணெயின் அளவை வண்டி நன்கு சூடேறிய பின், சமதளத்தில், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் பார்ப்பது பழைய வண்டிகளில் பெருவழக்கு. நெம்புகோல் பார்க்கில் இருக்க வேண்டுமா, நியூட்ரலில் இருக்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அளவுக் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்து எங்களுக்குக் காட்டினார். செந்நிறம் சற்றே மங்கியிருந்தது. தீய்ந்த வாடை இல்லை. "எண்ணெய் கறுத்துத் தீய்ந்த நாற்றமடித்தால் கிளட்சுகள் எரிந்துவிட்டன என்று பொருள். இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால் ரேடியேட்டர் நீர் உள்ளே கலந்துவிட்டது. எண்ணெய் குறைந்திருந்தால், கியர் போட்டபின் வண்டி நகரத் தாமதிக்கும்; மேட்டிலும் வளைவிலும் வழுக்கும். இங்கே இவற்றுள் ஒன்றுமில்லை" என்றார்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. கியர் கணினிக்குச் செல்லும் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மூளையைத் தூங்க வைத்துவிட்டேன். இனி கைகால் எப்படி என்று பார்ப்போம்" என்றார். அந்த வகைப் பெட்டியில் மின்சாரம் அறுந்தால், நெம்புகோல் நேரடியாகத் திறந்துவிடும் எண்ணெய் வழிகள் மட்டும் எஞ்சும். நெம்புகோல் ஒன்று-இரண்டு என்ற இடத்தில் முதல் கியர் கிடைக்கும். மூன்றில் மூன்றாம் கியர். டிரைவில் நான்காம் கியர். எல்லாப் பெட்டிகளும் இப்படி அமைந்தவையல்ல. மின்பழுது நேர்ந்தால் ஒரே கியரில் நின்று, எப்படியாவது வீடு சேர்க்கும் பெட்டிகளும் பல உண்டு. ஆதலால் இச்சோதனைக்கு முன் அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்ப்பது இன்றியமையாதது.

வயல்களுக்கிடையே ஆளரவமற்ற சாலையில் மூவரும் சென்றோம். முதல் கியரில் வண்டி திணறலின்றிப் புறப்பட்டது. மூன்றுக்குத் தள்ளினார், அழுத்தமாகப் பற்றியது. டிரைவுக்குத் தள்ளினார், நான்காம் கியர் சீராக விழுந்தது. ரிவர்ஸிலும் குறையில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு முதியவர் சொன்னார்: "பம்ப் நலம், கிளட்சுகள் நலம், பற்சக்கரங்கள் நலம். இந்தப் பெட்டி சாகவில்லை, ஃபாதர். அதற்குச் செய்திதான் போய்ச் சேரவில்லை."

கியர் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. நெம்புகோல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை அறிவிப்பதே அதன் பணி. பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட்டருக்கு இசைவு தருவதும், பின்விளக்கை எரியவிடுவதும், கணினிக்குக் கியர் நிலையைத் தெரிவிப்பதும் அதுவே. பனிக்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு கரைந்து தெறித்து, ஆண்டுக்கணக்கில் அதனுள் ஊறியிருந்தது. நெம்புகோல் எங்கே நிற்கிறது என்பதைத் திட்டமாக அறியாத கணினி, தவறான கியரில் வண்டியைப் புறப்படச் செய்தது. 1996-ஆம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கார்களிலெல்லாம் ஓ.பி.டி.-2 என்னும் பொதுவான பழுதறி ஏற்பாடு கட்டாயமாயிற்று. அவற்றில் கருவியைச் செருகினால், குறைந்தது எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதை ஒரு குறியீடு சுட்டும். இந்த வண்டியோ அதற்கு ஓராண்டு மூத்தது. தன் நோயைத் தானே சொல்லத் தெரியாதது.

துருவேறிய போல்ட்டுகளைத் தளர்த்தவே ஒரு மணி நேரம் பிடித்தது. சுவிட்சைத் திறந்தபோது செப்புத் தொடுமுனைகள் பச்சை பூத்திருந்தன. அவற்றைத் தேய்த்துத் துடைத்து, ஈரம் புகாத கிரீஸ் தடவி, நியூட்ரலுக்குரிய குறியோடு பொருத்தி மீண்டும் இறுக்கினார். ஃபியூஸ் தன் இடத்துக்குத் திரும்பியது. நான் மறுபடியும் வண்டிக்குப் பின்னால் நின்றேன். வெள்ளை விளக்கு எரிந்தது. துப்புரவுத் திரவத்துக்கும் கிரீஸுக்குமாக ஆன செலவு இருபது டாலருக்கும் குறைவு. மறுநாள் காலை அந்த அம்மையார் தாமே வண்டியோட்டிச் சிகிச்சைக்குச் சென்றார்.

அன்பர்களே, பட்டறைக்காரரை நான் வஞ்சகர் என்று சொல்லத் துணியேன். அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. சோதனைக்குச் செலவாகும் மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். பெட்டியை மாற்றினால் ஒருவரும் கணக்குக் கேட்பதில்லை. பழைய வண்டி, நிறைய ஓடியது, கியர் தடுமாறுகிறது. இம்மூன்றையும் கூட்டினால் "பெட்டி தீர்ந்தது" என்ற விடை பலமுறை சரியாகவே இருந்திருக்கும். எண்ணெய் கறுத்திருந்தால் முதியவரும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆனால், பெரும்பாலும் சரியாக இருப்பது வேறு. இந்த ஒருவருக்குச் சரியாக இருப்பது வேறு. விரைந்து வழங்கப்படும் தீர்ப்பு தவறிப்போனால், அதன் விலையைச் செலுத்துபவர் தீர்ப்பளித்தவர் அல்லர். எதிர்த்துக் கேட்கும் அறிவோ துணிவோ பணமோ இல்லாத எளியவரே.

முதியவரிடம் நான் கண்ட முறையோ எளிது. பாதிக்கப்பட்டவர் பேச்சை முழுமையாகக் கேட்டார். அவர் அற்பமென்று கருதிச் சொன்னதையும் காதில் வாங்கினார். செலவில்லாத சோதனையை முதலிலும், செலவுள்ளதைப் பிறகும் வைத்தார். ஒன்றோடொன்று பிணைந்தவற்றைப் பிரித்து, தனித்தனியே நிறுத்திப் பார்த்தார். விடை தெரிந்துவிட்டதாகத் தோன்றிய பின்னரும், அது பொய்யாக இருக்கக் கூடுமோ என்று சோதித்தார். "உதவாதவன்" என்று நாம் ஒதுக்கிவைத்த மாணவனுக்கும், "இனிப் பயனில்லை" என்று மூலையில் அமர்த்திய முதியோருக்கும் இந்தப் பொறுமையில் பாதியையேனும் நாம் செலவிட்டதுண்டா என்ற கேள்வி அன்றிரவு என்னை விட்டு அகலவில்லை.

அந்த வண்டி என்றைக்கும் ஓடும் என்று முதியவர் வாக்களிக்கவில்லை. கூலி எவ்வளவு என்று மூதாட்டி கேட்டபோது, "ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். அது கறுக்கும் நாளில் என்னைக் கூப்பிடுங்கள்; அன்றைக்கு உண்மையாகவே முடிந்தது என்று சொல்கிறேன்" என்றார். கைகளைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே நடந்து போனார்.