எழில் நகரில் ஒரு திருகு அளவி

ஜூலை 7, 2025, திங்கள்

மேடவாக்கம் கூட்ரோட்டு நெரிசலைத் தாண்டி, பெரும்பாக்கம் எழில் நகர் போய்ச் சேர ஆறரை ஆகிவிட்டது. பிளஸ் டூ படிக்கும் பெண் படிக்கட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். போன் இல்லை. அம்மா மேடவாக்கத்தில் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறார். போன் அவரோடு போய் எட்டு மணிக்குத்தான் வீடு திரும்பும். பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கிறது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலிருந்து ஓடுகிறது. இவள் வீட்டுக்கு இயற்பியல் வருவது எட்டு மணிக்கு மேல்தான், அதுவும் டேட்டா மிச்சமிருந்தால்.

கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் இங்கே ஏராளம். பட்டியல் சாதிக் குடும்பங்கள் நிறைய. பழகிய பள்ளியும் டியூஷனும் நகரத்திலேயே நின்றுவிட்டன. தொலைவழிக் கல்வி முதலில் வந்து சேரவேண்டிய இடம் இதுதான்.

ஜூலை 9, புதன்

நண்பரிடம் திருகு அளவி ஒன்று இரவல் வாங்கிப் போனேன். "வீடியோல பாத்துட்டேன் சார்" என்றாள். மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்று பளிச்சென்று சொன்னாள். செம்புக் கம்பியைக் கொடுத்ததும் உருளையைப் பிடித்து இறுக்கினாள், கம்பி நசுங்கியது. கடைசியில் இருக்கும் சின்னத் திருகைச் சுற்றச் சொன்னேன். கம்பியைத் தொட்டதும் அது 'டக் டக்' என்று வழுக்கியது, மேலே இறுகவில்லை. அந்த டக்கை எந்த வீடியோவும் விரலுக்குக் கொடுக்காது. கம்பியை எடுத்துவிட்டு முனைகளைச் சேர்த்தாள். தலைக்கோலின் சுழி, கோட்டுக்கு மூன்று பிரிவு கீழே நின்றது. "அப்போ இந்த மூணையும் கழிக்கணும்ல சார்?" சுழிப்பிழை நான் சொல்லாமலே வந்துவிட்டது!

ஜூலை 10, வியாழன்

1975 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டு நடந்த செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையைப் பற்றி இரவு படித்தேன். ஆறு மாநிலங்கள், சுமார் 2,400 கிராமங்கள். தமிழ்நாடு அதில் இல்லை. படம் காட்டியதோடு விடவில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குத் தொலைக்காட்சி, வானொலி, கையால் செய்து பார்க்கும் சோதனைகள் மூன்றையும் சேர்த்து அறிவியல் பயிற்சி தந்திருக்கிறார்கள். ஐம்பது வருடம் கழித்து நாம் லிங்க்கை மட்டும் அனுப்புகிறோம்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று லீவு. சென்னை ஐஐடியின் பி.எஸ். தரவு அறிவியல் படிப்பைப் பற்றிச் சொன்னேன். 2020இல் தொடங்கியது, ஜேஇஇ வேண்டாம். நான்கு வாரப் பாடம் ஆன்லைனில், பிறகு தகுதித் தேர்வை மையத்துக்குப் போய் எழுதவேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு.

"கிண்டிகிட்ட இருக்கே, அந்த ஐஐடியா சார்?" அம்மா இரண்டு முறை கேட்டார்.

பாடம் ஆங்கிலத்தில். இவள் தமிழ் மீடியம். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். அதுவும் போக, இவளுக்குப் பிடித்தது லேப்.

அதனால் தரைத்தள அறை ஒன்றைக் குடியிருப்போர் சங்கத்தில் கேட்டிருக்கிறேன், மாலை ஆறு முதல் ஒன்பது வரை. ஒரு கம்ப்யூட்டர், வைஃபை, இரண்டு திருகு அளவி, ஒரு மீட்டர் பாலம், கால்வனாமீட்டர். புதன்கிழமை பதில் சொல்வதாகச் செயலாளர் சொன்னார்.