கடைசி அசை



என் மகள் மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சு மொழியைத் தேர்ந்தெடுத்தாள். மதிப்பெண் கூடுதலாகக் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. தமிழை விட்டாளே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. காரைக்காலில் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்தது; அங்குள்ள நம் குடும்பங்கள் சிலவற்றில் அம்மொழி இன்னும் புழங்குகிறது. பொள்ளாச்சியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

மாலையில் அவள் பென்சிலால் கோடு கிழித்துச் சொற்களை அசை பிரிப்பாள். ஷொ-கொ-லா. இரு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை மெய் பின்னுள்ள உயிரோடு சேரும் என்றாள். நம் தமிழும் அப்படித்தானே என்றேன். எழுத்தில் இறுதியாக நிற்கும் 'த்' ஒலிப்பதில்லை. ஆங்கிலேயர் 'சாக்லேட்' என்று முதல் அசையை அழுத்துவர். பிரெஞ்சுக்காரர் கடைசி அசையைச் சற்று நீட்டுவர். 'ஷொகொலா ஷோ', அதாவது சூடான சாக்லேட், என்று சேர்த்துச் சொன்னால் அந்த அழுத்தம் 'லா'வை விட்டு 'ஷோ'வுக்குப் போய்விடும். சொல்லுக்கு அன்று, சொற்றொடருக்கே அழுத்தம்.

அன்று இரவு வீட்டில் இஷா தொழுகையை நான் முன்நின்று நடத்தினேன். முடிந்ததும் தயங்கியபடி, "அத்தா, நீங்கள் தக்பீரைப் பிரெஞ்சு போலச் சொல்கிறீர்கள். 'அக்பர்' என்பதில் கடைசி அசை நீளுகிறது" என்றாள்.

எனக்குச் சினம் வந்தது. பிறகு அச்சம் வந்தது. 'பா'வை நீட்டி 'அக்பார்' என்றால் அரபியில் முரசுகள் என்று பொருள் மாறிவிடும் என மதரஸாவில் படித்தவன்தான் நான். முப்பதாண்டுகளாக என் செவிக்கே அது கேட்கவில்லை. என் பின்னால் நின்று தொழுத என் தாயாரை நினைத்தேன். அவர் இப்போது இல்லை.

மறுநாள் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் ஒப்புக்கொண்டேன். அறியாமல் நிகழ்ந்ததற்குக் கலங்க வேண்டாம், அறிந்தபின் திருத்திக்கொள்ளுங்கள் என்றார். தட்டுத் தடுமாறி ஓதுபவருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்ற நபிமொழியையும் நினைவூட்டினார். எனக்கோ தடுமாற்றமே இருந்ததில்லை. அதுதான் குறையாக இருந்தது.

இப்போது தினமும் இஷாவுக்கு முன் மகளிடம் சொல்லிக் காட்டுகிறேன். அக்-பர். நேற்று மூன்றாம் முறையில் சரியென்றாள். ருகூவுக்குக் குனியும் வேகத்தில் மட்டும் இன்னும் நீளுகிறதாம்.