நள்ளிரவுக்குப் பின் ஒரு வாய்

ஒரு காலத்தில் நம் கத்தோலிக்க இல்லங்களில் நள்ளிரவு என்பது வெறும் நேரமன்று. அஃது ஓர் எல்லைக்கல். மறுநாள் காலைத் திருப்பலியில் நற்கருணை உட்கொள்ள விரும்புவோர் அதற்குப் பின் ஒரு பருக்கையும் தொடலாகாது. ஒரு மிடறு தண்ணீரும் அருந்தலாகாது. சனிக்கிழமை இரவில் எங்கள் பாட்டியார் தண்ணீர்ப் பானையை மூடி, மூடியின்மேல் ஒரு கல்லையும் வைத்துவிடுவாராம். பிள்ளைகள் எவரேனும் தூக்கக் கலக்கத்தில் மொண்டு குடித்துவிட்டால் மறுநாள் நன்மை வாங்க இயலாதே என்பது அவரது கவலை.

அந்த வேலி சிறிது சிறிதாக அகன்றது. 1953-ஆம் ஆண்டு சனவரியில் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், தண்ணீர் நற்கருணை உபவாசத்தை முறிக்காது என அறிவித்தார். 1957-இல் நள்ளிரவு என்ற எல்லையே நீங்கி, திட உணவுக்கு மூன்று மணி நேர இடைவெளி போதும் என்றாயிற்று. 1964-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்தபோதே, திருத்தந்தை 6-ஆம் சின்னப்பர் அதனையும் ஒரு மணி நேரமாகக் குறைத்தார். முதியோருக்கும் நோயுற்றோருக்கும், அவர்களைப் பேணுவோருக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை எனத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. தாயின் பரிவோடு தரப்பட்ட இச்சலுகையைக் குறை கூறும் எண்ணம் எங்களுக்கு இல்லை. எனினும் வேலி அகன்ற அவ்வேளையில் நம் இல்லங்களுக்குள் எது நுழைந்தது என்று பார்ப்பது தகும்.

நாங்கள் வாழ்வது திருவண்ணாமலையில். இரவில் கண்ணயராத ஊர் இது. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் பாதையில் விடிய விடிய மக்கள் நடப்பர். கார்த்திகைத் தீபத்தன்று கூட்டத்தைச் சொல்லி முடியாது. வழிநெடுக இட்லிக் கடைகள், பஜ்ஜிச் சட்டிகள், சுண்டல் தள்ளுவண்டிகள், சுக்குக் காபி. வெறுங்காலுடன் அத்தனை தொலைவு நடப்போருக்கு அவை வேண்டியவையே. தள்ளுவண்டிக்குப் பின்னால் நிற்கும் குடும்பத்துக்கோ அந்த ஓர் இரவின் வருவாய் பல நாள் சோறு. ஆனால் ஊர் விழித்திருந்தால் ஊரில் இருப்போரின் வாயும் விழித்துக்கொள்கிறது. நடப்பவர் பசிக்கு உண்கிறார். நாம் நடவாமலே உண்கிறோம்.

இங்கே இன்னொன்றும் உண்டு. இது வேர்க்கடலை விளையும் மாவட்டம். மணிலாக்கொட்டை என்ற பெயரை எங்கள் பக்கத்தார் நாவு மல்லாட்டை என்று ஆக்கிக்கொண்டது. வறுத்த மல்லாட்டை இல்லாத வீட்டை இங்கே தேடித்தான் காண வேண்டும். நூறு கிராம் கடலையில் ஏறத்தாழ 560 கலோரி உண்டென்பதை உரித்துக்கொண்டே பேசுகிறவர் எண்ணிப் பார்ப்பதில்லை. கை தானாகப் போகும். தோல்தான் கணக்குச் சொல்லும்.

எங்கள் வீட்டில் இப்பழக்கம் வேரூன்றியது மகன் சென்னையில் இரவுப் பணிக்குச் சேர்ந்த பிறகு. இரவு பதினொரு மணிக்கு அவனுக்கு இடைவேளை, அப்போதுதான் பேசுவான். ஒன்பதரைக்கு இரவு உணவு முடியும். பின் அந்த ஒன்றரை மணி நேரம் இருவரும் கூடத்தில் அமர்ந்திருப்போம். நடுவே கடலைத் தட்டு. சில நாள் முறுக்கு, சில நாள் மீந்த தோசை. பேசி முடித்தபின்னும் உறக்கம் வராது. இன்னும் ஒரு பிடி. பசியன்று அது, காத்திருப்பு. பிள்ளையில்லாத வீட்டின் ஓசையின்மையைக் கடலைத் தோலின் ஓசையால் நிரப்பிக்கொண்டிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்களுள் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையில் 8.2 என்று வந்தது. மருத்துவர் உணவுப் பட்டியலைக் கேட்டார், பட்டியலில் குறையில்லை. பிறகு வேளைகளைக் கேட்டார். "இதுவரை என்ன சாப்பிடுறீங்கன்னு மட்டும்தான் எல்லாரும் கேட்டிருப்பாங்க. எப்போ சாப்பிடுறீங்கன்னும் நான் கேக்கணும்" என்றார்.

உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டென்பதை அறிவியல் இன்று தெளிவாகக் கூறுகிறது. அதன் இயக்கத்தை விளக்கிய மூவர் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றனர். இரவில் உடல் உறக்கத்துக்கு ஆயத்தமாகும்போது இன்சுலினின் திறன் குறைகிறது. பகலில் எளிதாகக் கரையும் சர்க்கரை இரவில் குருதியில் நெடுநேரம் தங்குகிறது. ஒடிசாவில் பிறந்த அறிஞர் சச்சிதானந்த பாண்டாவின் குழுவினர் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில் எலிகளுக்குக் கொழுப்பு மிக்க உணவைத் தந்து பார்த்தனர். ஒரு கூட்டம் நாள் முழுதும் கொறித்தது. மற்றொன்று எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் உண்டது. இரண்டும் உண்ட அளவு ஒன்றே. கொறித்தவை கொழுத்து நோயுற்றன. வேளையோடு உண்டவை பெரிதும் தப்பின. இவ்வாய்வு 2012-இல் வெளிவந்தது. (எலிக்கு இரவே பகல், அதன் எட்டு மணி நேரம் இரவில்தான் அமைந்தது.) எலிக்கு உண்மையானது மனிதருக்கும் முற்றும் உண்மையாகிவிடாது என்பதை அறிவோம். ஆனால் நீரிழிவு நோயாளர் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் உள்ள நாடு இது என 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு கூறும்போது, எலியையும் அலட்சியம் செய்ய மனம் வரவில்லை.

மருத்துவரின் கேள்வி எங்களைப் பழைய ஞானோபதேச வகுப்புக்கு இட்டுச் சென்றது. தலையான பாவங்கள் ஏழனுள் ஒன்று போசனப்பிரியம். அச்சொல்லைக் கேட்டதும் பருத்த வயிறும் நிறைந்த இலையும் நினைவில் எழும். ஆனால் பாலைவனத் தந்தையரிடம் பயின்ற யோவான் கசியான் தமது துறவற நூலில் போசனப்பிரியத்தை மூவகையாகப் பிரித்து, குறித்த வேளைக்குக் காத்திராமல் உண்பதையே முதலில் வைத்தார். மிகுதியும் சுவையும் அதற்குப் பின்னரே வருகின்றன. பெரிய கிரகோரியார் ஐந்தாக விரித்தபோதும் முதலிடம் வேளைக்கே. புனித தோமா அக்குவினார் அவ்வைந்தையும் ஏற்றுக்கொண்டார். புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு இன்னும் நேரடியானது: குறித்த வேளைக்கு முன்னரும் பின்னரும் எவரும் எதையும் உண்ணவோ பருகவோ துணியலாகாது, இரவு உணவும் பகல் வெளிச்சத்திலேயே முடிய வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் விளக்கெண்ணெயை மிச்சப்படுத்தும் நோக்கமும் அதில் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன?

அயலாரைப் பார்த்தாலும் இதே பாடம். எங்கள் மாவட்டத்தில் போளூரை அடுத்த திருமலையிலும் வந்தவாசிப் பக்கத்திலும் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். கதிரவன் மறைந்தபின் உண்ணாமை அவர்களது நெறி. விளக்கொளியில் வீழும் சிற்றுயிருக்கும் இரங்கும் நெறி. 1896-இல் இவ்வூருக்கு வந்து 1950-இல் மறையும்வரை இங்கேயே தங்கிய இரமண மகரிஷியும் நியமங்களுள் சிறந்ததாக மிதமான உணவையே கூறினார். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என 1965-இல் சங்கம் அறிவித்ததை, இம்மலையடியில் வாழும் நாங்கள் நாள்தோறும் கண்ணால் காண்கிறோம்.

செய்தது பெரிதன்று. இரவு உணவை ஏழரைக்கு நகர்த்தினோம். உண்டதும் பல் துலக்கினோம். துலக்கிய வாய்க்குக் கடலை ருசிப்பதில்லை. மல்லாட்டையை வீட்டைவிட்டு விரட்டவில்லை. மாலை நான்கு மணித் தேநீரோடு ஒரு சிறு கிண்ணம் என்று அதற்கு வேளை வகுத்தோம். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றித் தந்த பின்னரே இதைத் தொடங்கினோம். இரவில் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடியவர்கள் அவரைக் கேளாமல் பட்டினி கிடப்பது ஆபத்து.

முதல் இரண்டு வாரம் கடினம். பத்து மணியளவில் பசி வரும், தவறாமல், அஞ்சற்காரரைப் போல. கதவைத் திறக்காவிட்டால் இருபது நிமிடத்தில் போய்விடும் என்பதை அறிய அத்தனை நாள் ஆயிற்று. அந்த இருபது நிமிடத்துக்கு ஒரு வேலை வேண்டுமே! திருப்புகழ்மாலையின் இரவு மன்றாட்டை எடுத்துக்கொண்டோம். குருக்களுக்கும் கன்னியருக்கும் உரியதென்று எண்ணியிருந்த மன்றாட்டு அது. ஒவ்வோர் இரவும் அதில் முதியவர் சிமியோனின் பாடல் வருகிறது. வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர், குழந்தையைக் கையில் ஏந்தியதும் போதும் என்று விடைகேட்கிறார். காத்திருக்கும் வீட்டில் அப்பாடல் வேறு விதமாக ஒலிக்கிறது.

பதினொரு மணிப் பேச்சுத்தான் எஞ்சியது. மகனிடமே சொன்னோம். "சரிப்பா, சாயங்காலம் எழுந்ததும் நானே கூப்பிடறேன். நீங்களும் அம்மாவும் நேரத்தோட படுங்க" என்றான். இப்போது ஆறு மணிக்குப் பேசுகிறான். அப்போதுதான் தெரிந்தது, இரவு இரண்டு மணிக்கு அலுவலக வாசலில் அவன் உண்பது பரோட்டா என்று. அவனுக்கு என்ன சொல்வது? ஊர் உறங்கும்போது விழித்திருக்கும் செவிலியர், காவலர், பேருந்து ஓட்டுநர் எல்லாருக்கும் கடிகாரம் தலைகீழ். மடத்து ஒழுங்கு அவர்களுக்குப் பொருந்தாது. வீட்டிலிருந்து கிளம்புமுன் வயிறு நிறைய உண்ணச் சொல்கிறோம். மாதம் ஒருமுறை வரும்போது கேழ்வரகு மாவும் அவித்த கடலையும் கட்டித் தருகிறோம். உண்கிறானா, நண்பருக்குக் கொடுத்துவிடுகிறானா, கேட்பதில்லை.

மூன்று மாதம் கழித்துச் சோதனையில் 7.3 என்று வந்தது. மாத்திரையின் பங்கு எவ்வளவு, வேளையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர், ஆனால் சிரித்தார்.

பாஸ்கு திருவிழிப்பும் கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியும் இக்கணக்கில் சேரா. அவ்விரு நாளும் வீடு திரும்பவே மணி இரண்டாகிவிடுகிறது. மகனும் விடுப்பில் வந்திருப்பான். அடுப்பை மூட்டி, மூவருமாக உட்கார்ந்து சூடாகத் தோசை உண்கிறோம்.