குறுக்குத்துறையில் நமது நீச்சல் கோஷ்டி

திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் நெல்லையப்பரைத் தரிசிக்கிறார்கள், அல்வா வாங்குகிறார்கள், அடுத்த ரயிலில் ஏறி விடுகிறார்கள். அவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. அல்வா அப்படிப்பட்ட பொருள்! ஆயினும் ஒரு நாள் விடியற்காலையில் குறுக்குத்துறைப் படிக்கட்டில் வந்து நிற்பார்களேயானால், ஆற்றின் நடுவே நாலைந்து வழுக்கைத் தலைகள் மிதந்து செல்வதைக் காண்பார்கள். அவற்றில் ஒன்று நம்முடையது.

பொதிகையில் பிறந்து, சுமார் 80 மைல் ஓடி, புன்னைக்காயலில் கடலை அடைகிறது தாமிரபரணி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அதற்கு ஜலம் வார்க்கின்றன. ஆகையால் மற்ற நதிகள் மணல்வெளியாகிக் கிடக்கும் காலத்திலும் இங்கே இடுப்பளவாவது நீர் இருக்கும். குறுக்குத்துறையில் முருகன் ஆற்றுக்குள்ளேயே கோயில் கொண்டிருக்கிறான். வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரைக் கரைமேலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்து விடுவார்கள். மூலவர் மட்டும் ஜலத்துக்குள் இருப்பார். வெள்ளத்தைக் கிழித்து விடுவதற்காகக் கோயிலின் மேற்குப் புறத்தைப் படகின் முனை போல அமைத்த சிற்பியை எத்தனை புகழ்ந்தாலும் தகும்.

நமக்கு நீச்சல் வந்தது ஏழாவது வயதில். பின்னர் சென்னையில் பி.ஏ. வாசித்த காலத்தில் மெரினா நீச்சல் குளத்துக்குக் காசு கொடுத்துப் போனதுண்டு. ஜலத்தில் மருந்து வாசனை. காலைக் கடிக்க ஒரு மீன் கிடையாது. உத்தியோகம் சொந்த ஊரிலேயே கிடைத்தபோது, சம்பளத்தைக் காட்டிலும் ஆறு கிடைத்ததே நமக்குப் பெரிதாகப் பட்டது.

நமது கோஷ்டியில் பாங்கிக் குமாஸ்தா ஒருவர், டீக்கடைக்காரர் ஒருவர், ஜவுளி வியாபாரிகள் இருவர். தலைவர், ரயில்வேயில் ஓய்வு பெற்ற அண்ணாச்சி, வயது எழுபத்திரண்டு. வெளி உலகத்தில் 25 வயதுக்கு மேற்பட்டவர்களை ஐந்தைந்து வயதாகப் பிரித்து நீச்சல் போட்டி நடத்துகிறார்கள். 1986-ல் தோக்கியோ நகரில் அதற்கு உலகப் போட்டியே நடந்தது. இதை அண்ணாச்சியிடம் சொன்னோம். "அங்க ஜெயிச்சா என்ன கொடுப்பாங்க, சார்வாள்?" என்றார். பதக்கம் என்றோம். "இங்க முடிஞ்சா சூடா இட்லி உண்டுல்லா!" என்று முங்கி விட்டார்.

ஆற்றின் அடிப்பகுதி முழுவதும் அவருக்கு மனப்பாடம். எந்தப் பாறைக்குப் பின்னால் கசம், எங்கே சுழி இழுக்கும் என்பதையெல்லாம் கரையிலிருந்தபடியே சொல்லுவார். "ஆத்தோட மல்லுக்கட்டப்பிடாது. அது போற போக்குல போயி, சாய்ச்சுக் கரைக்கு வரணும்." நம் உயிரை இரண்டு தடவை காப்பாற்றிய வாக்கியம் இது.

2023-ஆம் வருஷம் டிஸம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். குறுக்குத்துறைக் கோயில் மூழ்கிற்று. கரையிலிருந்த வீடுகளுக்குள்ளும் ஆறு புகுந்தது. 1992-ஆம் வருஷத்து வெள்ளத்தைக் கண்ட அண்ணாச்சியே வாயடைத்து நின்றார்.

தை மாதக் கடைசியில், ஜலம் தெளிந்த பிறகு, மறுபடியும் இறங்கினோம். கரையெங்கும் சேறும் கந்தலும். ஊர்ச் சாக்கடை வந்து கலக்கும் இடம் மட்டும் எந்த மாறுதலுமின்றி முன்போலவே இருந்தது! அண்ணாச்சி, தாம் வழக்கமாக மூச்சு வாங்க நிற்கும் பாறையை நோக்கி நீந்திச் சென்று, காலை ஊன்றினார். பாறை இல்லை. வெள்ளம் மணலை அரித்துப் புதிதாகக் கசம் ஒன்றை அங்கே தோண்டி வைத்திருந்தது. தலை மறைந்தது, சற்றுத் தள்ளி ஒரு கை மட்டும் மேலே வந்தது. நாமும் டீக்கடைக்காரரும் போக்கோடு போய் அவரைப் பிடித்து, சாய்வாகக் கொண்டு வந்து கரை சேர்த்தோம். வெகு நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "சார்வாள், நம்ம பாறையைக் காணோமே!" என்றார். உயிர் தப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று முதல் அவருடைய குமாரர் ஆற்றுக்குப் போகக் கூடாதென்று தடை விதித்தார். அந்தப் பிள்ளையைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நமக்கும் தகப்பனார் இருந்தவர்தாமே? அண்ணாச்சியில்லாமல் கோஷ்டி இறங்கியது, இட்லியும் தின்றது. ஆனால் ஒருவரும் நடு ஆற்றைத் தாண்டிப் போகவில்லை.

நாம் ஒரு காரியம் செய்தோம். நீண்ட மூங்கில் கம்பு ஒன்றில் அடிக்கணக்குக் கீறி, ஒரு மாதம் துறையை அளந்தோம். கசங்களைக் குறித்துப் பள்ளிக்கூட நோட்டில் படம் வரைந்து, அண்ணாச்சி வீட்டில் கொண்டு போய்க் கொடுத்தோம். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். குமாரரும் எட்டிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள், படிக்கட்டில் இருவரும் வந்து நின்றார்கள். குமாரர் கையில் துண்டும் சட்டையும். அண்ணாச்சி முழங்காலளவு ஜலத்தில் நின்றுகொண்டு, நம்மைப் பார்த்து, "சார்வாள், அந்தப் பக்கம் ஆழம் எம்புட்டு இருக்கும்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் நம்மிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

"தோளளவுதான், அண்ணாச்சி" என்றோம்.

"படத்துல கழுத்தளவுன்னு போட்டிருக்கே?"

"அது போன மாசம்."

சிரித்துக்கொண்டே முங்கினார்.