மூட்டைக்காரர்

கெட்ட கனவு கண்டு பயந்து வந்த என் மகளிடம் நான் நடந்துகொண்ட விதத்தை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு அப்போது நாலரை வயது. சோற்றை வாயில் அதக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எனக்கோ வேலைக்குக் கிளம்பும் அவசரம். எங்கள் தெருவில் பழைய பேப்பர் வாங்க ஒரு பெரியவர் சைக்கிளில் வருவார். கேரியரில் பெரிய சாக்குமூட்டை. ஒருநாள் ஜன்னல் வழியாக அவரைக் காட்டி, "முழுங்கலேன்னா மூட்டைக்குள்ள போட்டுக் கொண்டுபோயிருவாரு" என்றேன். மடக்கென்று விழுங்கினாள். தட்டு காலியானது. மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் ஜன்னல் கதவைத் திறந்து, "அண்ணே, இங்க ஒரு பிள்ளை சாப்பிட மாட்டேங்குது, எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தபடி கையசைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில்தான் ஒரு ராத்திரி, மணி மூன்று இருக்கும், என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். மனைவிக்கு நைட் டியூட்டி. பாவாடை நனைந்திருந்தது. "மூட்டைக்காரரு வந்தாரு" என்றாள்.

"யாரும் வரல. போய்ப் படு."

அவள் நகரவில்லை. "நீதான்ப்பா என்னையத் தூக்கி அவர்ட்ட குடுத்த."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தூக்கம் கெட்டதால் வந்த கோபம் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். இல்லை. அவள் சொன்னது உண்மை, அதனால் வந்த கோபம். "பொய் சொல்லாத. நான் எப்பக் குடுத்தேன்? வாய மூடிட்டுப் படு" என்று கத்தினேன். கையைப் பிடித்து இழுத்துப்போய் அவள் படுக்கையில் போட்டு விளக்கை அணைத்தேன். ஈரப் பாவாடையைக்கூட மாற்றவில்லை. திரும்பி வந்து நன்றாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால், மடியில் தலையணையை அணைத்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரமாக அப்படி இருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

அதன்பிறகு அவள் என்னிடம் வரவே இல்லை. பயம் தெளிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து வந்த என் அம்மாதான், பிள்ளை ராத்திரியில் விழித்து, சத்தமில்லாமல் படுத்துக் கிடப்பதைக் கண்டுபிடித்தார். நெற்றியில் திருநீறு பூசி, தன் முந்தானைக்குள் இழுத்துப் படுக்கவைத்துக்கொண்டார்.

காய்ச்சலுக்காகப் போயிருந்தபோது குழந்தை மருத்துவரிடம் இதைக் கேட்டேன். தூங்கிய கொஞ்ச நேரத்திலேயே அலறுகிற பிள்ளைகள் உண்டு, அது ஆழ்ந்த உறக்கத்தில் நடப்பது, காலையில் நினைவிருக்காது என்றார். கெட்ட கனவு அப்படியல்ல. பெரும்பாலும் பின்னிரவில் வருவது. பிள்ளை முழுதாக விழித்துக்கொள்ளும், கண்டதெல்லாம் ஞாபகம் இருக்கும், ஆள் துணை தேடும். மறந்திருப்பாள் என்று நான் சொல்லிக்கொண்ட சமாதானம் அங்கேயே போயிற்று.

பிறகு தூக்கத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். கனவு மிகுதியாக வரும் உறக்கநிலையில் மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் என்பதை யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் 1953-ல் வெளியிட்டார்கள். சிகாகோவில் அசெரின்ஸ்கி அதை முதலில் பார்த்தது, தன் 8 வயது மகனைப் படுக்கவைத்து, கண்ணோரம் கம்பிகளை ஒட்டி, இரவெல்லாம் கருவியின் முன் கண்விழித்திருந்தபோது. தூங்கும் பிள்ளைக்கு அருகே விழித்திருந்த அந்தத் தகப்பனை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். "அப்பா சொன்னது பொய்டா. இவரு பேப்பர் வாங்க வர்ற தாத்தா. நான் உன்னைய யார்ட்டயும் குடுக்க மாட்டேன்" என்றேன். பெரியவரிடமும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. ஒன்றும் பேசாமல் மூட்டையை இறக்கிப் பிரித்துக் காட்டினார்: நாளிதழ், அட்டைப்பெட்டி, உடைந்த வாளி. அவள் என் சட்டையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள்.

இன்னும் சில இரவுகளில் விழிக்கிறாள். அம்மாவையோ ஆச்சியையோதான் கூப்பிடுகிறாள். அவள் குரல் கேட்டதும் நானும் எழுந்துபோய், அவள் பார்க்கும்படி கதவோரம் உட்கார்ந்துகொள்கிறேன்.