முட்டுக்கட்டையும் பிரேக் ஷூவும்

வாரம் அஞ்சு நாள் சென்னையில பொட்டி தட்டுறவன் பிரேக் ஷூவைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்காதீங்க மக்களே. பாகூர்ல எங்க சித்தப்பா ஒரு பொலேரோ பிக்கப் வச்சிருக்கார். நெல்லு மூட்டை, வாழைத்தார், உரம், கல்யாண வீட்டுப் பாத்திரம்னு அது ஏத்தாத சாமான் இல்ல. போன மாசம் அதுக்குப் பின் சக்கரத்துல பிரேக் ஷூ மாத்தினோம். கூட நின்னு கொஞ்சம் கையையும் அழுக்காக்கிக்கிட்டேன். தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கீழ ஒரு தூசி விஷயம் வருது, அதை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க.

முதல்ல முட்டுக்கட்டை. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் எங்க பக்கம் ரொம்பப் பிரசித்தம். பிரெஞ்சுக்காரங்க காலத்துல கவர்னர் வந்து வடம் பிடிப்பாராம். இப்ப துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். என் கண்ணு மட்டும் வடம் பிடிக்கிறவங்க மேல இருக்காது, சக்கரத்துக்குக் கீழ கட்டை போடுறவங்க மேலதான் இருக்கும். அவ்ளோ பெரிய தேரை ஒரு மரக்கட்டை எப்படி நிறுத்துது? சக்கரம் கட்டை மேல ஏறப் பார்க்கும். ஏற ஏறக் கட்டை தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இறுகும். தேரோட எடையும் வேகமும்தான் கட்டையை இறுக்குது, போடுற ஆளோட கைபலம் இல்ல. (திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்திருக்கு. அங்கேயும் முட்டுக்கட்டைக்கு வேலை போகல!)

டிரம் பிரேக்கும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான். சக்கரத்தோட சேர்ந்து சுத்துற இரும்புச் சட்டி ஒண்ணு, அதுதான் டிரம். உள்ள அரைவட்டமா ரெண்டு ஷூ. பெடலை மிதிச்சா பிரேக் ஆயில் அழுத்தத்துல வீல் சிலிண்டர் ரெண்டு ஷூவையும் வெளிப்பக்கம் தள்ளும். டிரம் சுத்துற திசையிலேயே தள்ளப்படுற ஷூவை டிரம்மே இழுத்துத் தன் மேல இன்னும் அழுத்திக்கும். முட்டுக்கட்டை இறுகுற மாதிரியே. இன்னொரு ஷூவை டிரம் விலக்கித் தள்ளப் பார்க்கும். அதனாலதான் வழக்கமா ஒரு ஷூ சீக்கிரம் தேயுது, இன்னொண்ணு மெதுவாத் தேயுது. ரிவர்ஸ்ல போனா ரெண்டுக்கும் வேலை மாறிடும். 1902-ல இந்த டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தவர்னு சொல்லப்படுறது லூயி ரெனோங்கிற பிரெஞ்சுக்காரர். கொம்யூனும் அவங்க குடுத்ததுதான், டிரம்மும் அவங்க குடுத்ததுதான் போல :-)

முன்னாடி டிஸ்க் இருக்கிற வண்டியில பின்னாடி மட்டும் ஏன் டிரம்னு சித்தப்பா மகன் கேட்டான். விலை கம்மி, ஹேண்ட் பிரேக்கை அதுலயே சுலபமா மாட்டிடலாம், சேறு தண்ணி நேரா உள்ள போகாது. குறையும் உண்டு. சூடு சீக்கிரம் வெளியேறாது. சூட்டுல டிரம் விரிஞ்சு ஷூவை விட்டு விலகும், பெடல் கீழ போகும். பாகூர் ஏரிக்கரையில ஓட்டுறவனுக்கு அது தெரியாது. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவையும் லோடோட இறங்குறவனுக்குத்தான் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். ஹேண்ட் பிரேக்கை எப்பவும் விட ரெண்டு மூணு பல்லு கூட இழுக்க வேண்டியிருந்துச்சு. மிதிச்சா பின்னாடி 'கரக் கரக்'னு ஒரு சத்தம். லைனிங் தேய்ஞ்சு ரிவிட் தலை டிரம்மைச் சுரண்டினா அப்படிக் கேக்கும்னார் மெக்கானிக் அண்ணா. முன் சக்கரத்துக்குக் கல்லு வச்சு, நட்டைத் தரையில இருக்கும்போதே தளர்த்தி, அப்புறம்தான் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது, ஆக்ஸிலுக்குக் கீழ ஸ்டாண்டு வச்சே ஆகணும். ஹேண்ட் பிரேக்கை விட்டாத்தான் டிரம் வரும். துரு பிடிச்சு ஒட்டிக்கிட்டா, பல டிரம்கள்ல மரை போட்ட ரெண்டு ஓட்டை இருக்கும். அதுல போல்ட்டை மாத்தி மாத்தி முறுக்கினா டிரம் தானா வெளிய வரும். சுத்தியல் கடைசி வழி.

ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல பிரிக்காதீங்க. ஒரு பக்கம் முடிச்சுட்டு அடுத்த பக்கம். எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில மாட்டியிருந்துச்சுன்னு சந்தேகம் வந்தா, பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கலாம். (நம்ம பாஷையில சொன்னா பேக்கப் எடுக்காம சர்வர்ல கை வைக்காதே!) ஆனா ஷூவை ரெண்டு பக்கமும்தான் மாத்தணும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

டிரம்மைக் கழட்டினதும் மூணு விஷயம் பார்க்கணும். வீல் சிலிண்டர் ரப்பரை விலக்கினா உள்ள ஈரம் இருக்கா? ஆக்ஸில் சீல்ல ஆயில் கசியுதா? கசிஞ்சா புது ஷூவும் நனைஞ்சு வீணாத்தான் போகும். டிரம் உட்புறம் பள்ளம் விழுந்திருக்கா? விழுந்திருந்தா லேத் பட்டறையில சீவலாம், ஆனா டிரம்மிலேயே குறிச்சிருக்கிற அதிகபட்ச அளவைத் தாண்டினா தூக்கிப் போட வேண்டியதுதான். எங்களுக்கு நல்ல வேளை, லேசா ஒரு சீவலோட தப்பிச்சுது.

இப்ப தூசி. டிரம்மைக் கழட்டினா உள்ள கறுப்பா, மாவு மாதிரி கொட்டும். தேய்ஞ்ச லைனிங்தான் அது. டிஸ்க் பிரேக்ல காத்துல பறந்துடும், டிரம்ல மாசக்கணக்கா உள்ளேயே சேரும். பட்டறை வழக்கம் என்னன்னா, கம்ப்ரஸர் துப்பாக்கியை எடுத்து 'புஸ்ஸ்'னு ஒரே அடி. மேகம் மாதிரி கிளம்பும். அண்ணா துப்பாக்கியை எடுத்தாரு. டிரம்முக்கு நேரா குந்தியிருந்தது ஐடிஐ முடிச்சிட்டுத் தொழில் கத்துக்க வந்த பையன்.

"ண்ணா, காத்து வேணாம்ணா. தண்ணி ஊத்திக் கழுவிடலாம்."

"இன்னா தம்பி, இருவது வருசமா இப்படித்தான் பண்றேன். எனக்கு இன்னா ஆச்சு? தண்ணி ஊத்தினா காயணும். ஒரு நாளைக்கு நாலு வண்டி பாத்தாத்தான் எனக்குக் கட்டும்."

அவர் சொன்ன கணக்கு நியாயம்தான். எனக்கு மாசம் பொறந்தா சம்பளம், அவருக்கு வண்டிக்கு வண்டி காசு. ஆனா இதுல இன்னொரு கணக்கும் இருக்கு. சூடு தாங்கும்னு ரொம்ப காலமா பிரேக் லைனிங்ல கல்நார் சேர்த்தாங்க. நம்ம ஊர்ல கூரைக்குப் போடுற 'ஆஸ்பெட்டாஸ்' சீட்ல இருக்கிற அதே கல்நார். அந்த நார் நுரையீரல்ல போய் உக்காந்தா வியாதி தெரிய 20, 30, 40 வருஷம் கூட ஆகும். ஆக, "இருவது வருசமா ஒண்ணும் ஆகல"ங்கிறது இதுல சாட்சியே இல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லயே தடை போட்டுடுச்சு. அமெரிக்கா இன்னமும் புழக்கத்துல இருந்த வெள்ளைக் கல்நாருக்கு 2024-லதான் தடை கொண்டுவந்துச்சு, அதுல பிரேக் லைனிங்கும் சேர்த்தி. நம்ம நாட்டுல 1986-லயே கல்நார் சுரங்கத்துக்குப் புதுக் குத்தகை தர்றதை நிறுத்தினாங்க, ஆனா இறக்குமதிக்கு முழுத் தடை கிடையாது. பெரிய கம்பெனி ஷூக்கள்ல இப்ப கல்நார் இல்லாததே கிடைக்குது. ராணே குழுமத்தோட லைனிங் ஆலையே நம்ம புதுச்சேரியில இருக்கு. கழட்டின பழைய ஷூ எந்த ரகம்னு மட்டும் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. கல்நார் இல்லேன்னாலும் அந்தத் தூசி மூச்சுக்கு நல்லதில்ல.

இவ்வளவும் நான் அங்க சொல்லல. "பையன் மூஞ்சிக்கு நேரா அடிக்கிறீங்கண்ணா"ன்னு மட்டும்தான் சொன்னேன். அண்ணா ஒரு நிமிஷம் பையனைப் பார்த்தாரு. துப்பாக்கியைத் தொங்க விட்டுட்டு, "டேய், அந்தப் பக்கெட்ல சோப்புத் தண்ணி கலக்குடா"ன்னாரு. மெதுவா ஊத்தி, துணியால துடைச்சு, துணியைக் கவர்ல போட்டுக் கட்டினோம். காயறதுக்குள்ள ஒரு டீ. சித்தப்பாதான் "டீக்காசு எக்ஸ்ட்ரா"ன்னு முனகினாரு.

புது ஷூ மாட்டி, பின் தகடுல ஷூ உரசுற இடத்துல மட்டும் சூடு தாங்குற கிரீஸ் ஒரு பொட்டு (லைனிங்ல படவே கூடாது), டிரம்மைக் கையால சுத்தினா லேசா உரசுற அளவுக்கு அட்ஜஸ்ட்டர். அப்புறம் கிருமாம்பாக்கம் வரைக்கும் லோடு இல்லாம ஓட்டி, மெதுவா மெதுவா மிதிச்சு ஷூவைப் படிய விட்டோம். சத்தம் இல்ல.

அடுத்த தடவை உங்க வண்டியை விடும்போது "காத்து அடிக்காதீங்க, கழுவுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. காயற நேரத்துக்கு ஒரு நூறு ரூபா கூடக் குடுங்க. அந்தப் பையனுக்கு இன்னும் 40 வருஷம் வேலை பாக்கி இருக்கு.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு நீங்களே தனியா பிரேக்கைப் பிரிச்சுடாதீங்க சாமி. தெரிஞ்சவங்க பக்கத்துல இருக்கட்டும்.