மேல் வீட்டுச் சத்தம்

ஜூன் 11

மனைவி ராமநாதபுரத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நர்ஸ் உத்தியோகத்தில் பதவி உயர்வும் மாறுதலும் சேர்ந்துதான் வரும். வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் அடுத்தது எப்போதோ. சனிக்கிழமை ராத்திரி மதுரைக்கு வந்து திங்கட்கிழமை விடியக்காலை பஸ் ஏறுவாள். மற்ற நாளெல்லாம் நானும் பிள்ளைகளும்தான். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. ராத்திரி போன் பண்ணி, "இன்னிக்கு என்ன செஞ்சுதுக?" என்று கேட்கிறாள். "ஓடுச்சுக" என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. அச்சகத்தில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. அதில் எழுதி வைத்துப் படித்துக் காட்டலாமென்று ஆரம்பிக்கிறேன்.

ஜூன் 14

கீழ் வீட்டு ஓனரம்மா மாடியேறி வந்தார். முழங்கால் வலிக்காரர் படியேறுகிறார் என்றால் வாடகை விஷயமாக இருக்காது. அதை ஐந்தாம் தேதியே போட்டுவிட்டேன்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்காலம் ஆனா மேல உரல உருட்டுற மாதிரியே இருக்கு. சாருக்கு ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசந்தான் ஆகுது. அசந்து தூங்குற மனுசன் தூக்கிவாரிப் போட்டு எந்திரிக்கிறாரு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னவள் சோபாவிலிருந்து தொம்மென்று குதித்தாள். ஓனரம்மா சிரித்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

அவர் இறங்கியதும் பழைய இலவம்பஞ்சு மெத்தையை எடுத்து ஹாலில் விரித்தேன். குதிப்பதற்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

ஜூன் 15

மெத்தை கிழிந்தது.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளை எதிலாவது சேர்த்துவிடுவது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் கிடைப்பவை: கராத்தே, ஸ்கேட்டிங், பரதநாட்டியம், வெஸ்டர்ன் டான்ஸ், அபாகஸ், கீபோர்டு, ஹிந்தி. இத்தனை இருக்கிறது, மைதானம் இல்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது வண்டியூர் தெப்பக்குளம் பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். படியில் இறங்கினால் ஒரே நேரத்தில் எத்தனையோ கிரிக்கெட் மேட்ச். யாருடைய பந்து எந்த மேட்சுக்குள் போகிறதென்று தெரியாது. தைப்பூசத் தெப்பத்துக்குத் தண்ணீர் விட்டால் எங்களுக்கு விடுமுறை முடிந்த மாதிரி முகம் தொங்கிவிடும். இப்போது வைகையிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து குளம் நிறைந்து நிற்கிறது. ஊருக்கு நல்லது, பார்க்கவும் கண் நிறைகிறது. அங்கே விளையாடிய பையன்களெல்லாம் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கரையைச் சுற்றி நடைப்பயிற்சிக்காரர்கள், பஜ்ஜிக் கடை.

அவளுக்கு நீச்சல்தான். சோழவந்தான் பக்கத்துப் பெண். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா அவளைக் கிணற்றில் இறக்கிவிட்டபோது ஐந்து வயதாம். "ராமநாதபுரத்துல கண்மாய்ல விழுந்த பிள்ளைய தூக்கிட்டு வராங்க. என் பிள்ளைகளுக்கு முதல்ல நீச்சல், மத்ததெல்லாம் அப்புறம்" என்றாள். உலக சுகாதார நிறுவனமும் ஆறு வயது தாண்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்கச் சொல்லித்தான் இருக்கிறது.

எனக்கு நீச்சல் தெரியாது. 1994இல் குற்றாலீஸ்வரன் 13 வயதில் ஆங்கிலக் கால்வாய் உட்பட ஒரே வருஷத்தில் ஆறு கடல் கால்வாய்களை நீந்தி, மிகிர் சென் சாதனையை முறியடித்தபோது எனக்கும் ஏறக்குறைய அதே வயது. அந்த வருஷம் பூராவும் அப்பா அந்தப் பையனைக் காட்டித்தான் என்னைத் திட்டினார். அதற்காகக் காசு கொடுத்து என்னை எந்தக் குளத்திலும் சேர்க்கவில்லை.

ஜூன் 28

கராத்தேக்குப் பெரியவனைக் கூட்டிப் போனேன். கல்யாண மண்டபத்து மேல்மாடி. முதல் நாள் இலவசம், வெள்ளை உடுப்பு தனி, பெல்ட் மாறும் ஒவ்வொரு முறையும் தேர்வுக் கட்டணம். மாஸ்டர் நல்ல மனிதர், குரலும் கணீரென்று இருந்தது.

நான் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தேன். இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். வரிசையில் நின்று, முன்னால் வந்து, திண்டில் இரண்டு உதை விட்டு, மறுபடி வரிசையின் பின்னால் போய் நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் இவன் உடம்பு அசைந்தது பத்து நிமிஷம் இருந்தால் அதிகம். மீதி நேரம் முன்னால் நிற்பவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். அதற்குத் தண்டனையாக மண்டபத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு ஓடச் சொன்னார் மாஸ்டர். அன்றைக்கு அவன் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

வரும் வழியில், "நாளைக்கும் போலாமாப்பா? அங்க ஓட விடுறாங்க" என்றான்.

ஜூலை 3

சின்னவள் ஒட்டடைக் கம்பால் டியூப் லைட்டை உடைத்தாள். காயம் யாருக்கும் இல்லை.

ஜூலை 8

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். டீச்சருக்கு வயது இருபத்தைந்து இருக்கும். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்தார். "சார், பையன் நல்லாப் படிக்கிறான். ஆனா உக்கார மாட்டேங்கிறான். பென்சில் சீவப் போறேன்னு போவான், தண்ணி குடிக்கப் போவான், கீழ விழுந்தத எடுக்கப் போவான். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்களேன். இப்பவே பார்த்துட்டா நல்லதில்லையா?"

தலையாட்டிவிட்டு வந்தேன். வண்டியை எடுத்த பிறகுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்தக் காலத்தில் அதற்கொரு பெயர் இருக்கிறது, நான்கு இங்கிலீஷ் எழுத்து. அச்சகத்தில் இருக்கும்போதே போனில் தேடித் தேடிப் படித்தேன். கவனம் நிலைக்காது, முறை வரும்வரை காத்திருக்க மாட்டான், ஓடிக்கொண்டே இருப்பான். வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரியும் அவனை அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. பத்து நிமிஷம் கழித்து அதையே மறுபடி படித்தால் எனக்கும் பொருந்துகிறது. அப்பாவுக்கும்.

அவளிடம் போனில் சொல்லவில்லை. நைட் டூட்டி.

ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தேன். ஒரு வாய் சாப்பிடுவான், ஜன்னல் வரை போவான், வருவான். என் வாழ்நாளில் இத்தனை உன்னிப்பாக அவனைப் பார்த்ததில்லை. "ஏம்ப்பா அப்டிப் பாக்குற?" என்றான்.

கேட்க மறந்தது: டைம் டேபிளில் பி.டி. பீரியட் இரண்டு இருக்கிறது. இரண்டிலும் கணக்குதான் நடக்கிறதாம். சின்னவள் சொன்னாள், அவளுக்கு அண்ணன் சொன்னானாம்.

ஜூலை 12

குழந்தைகள் டாக்டர். அவளும் வந்திருந்தாள். நான் சொல்லாமல் வைத்திருந்ததற்குப் பஸ் ஸ்டாண்டிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. ஒரே இடத்தில் மட்டும் இப்படி இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல மாட்டோம், வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாசத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க வேண்டும், அதனால் அவனுடைய அன்றாடக் காரியம் கெட வேண்டும் என்றார். பிறகு அவனையே கேட்டார்: "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" பட்டம் கட்டப் பிடிக்கும் என்றான். எப்படிக் கட்டுவாய் என்றதும் தென்னை ஈர்க்கிலிருந்து வால் வரை இடைவிடாமல் சொல்லி முடித்தான். எவ்வளவு நேரமாகும் என்று அவர் என்னைக் கேட்டார். ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டான் என்றேன். எழுதிக்கொண்டார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடி விளையாடுறான்?"

நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

ஐந்திலிருந்து பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிஷம் மூச்சு வாங்கும்படி உடம்பு வேலை செய்ய வேண்டும் என்றார். மூன்று, நாலு வயதுக்கு ஒரு நாளில் 180 நிமிஷம். அதில் 60 நிமிஷமாவது நல்ல ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சின்னக் குழந்தைகளுக்கும் 2020இல் பெரியவர்களோடு சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வெளியிட்ட கணக்கு. மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம், டீச்சருக்கும் ஒரு கேள்வித்தாள் தருகிறேன், அதுவரை ஓட விடுங்கள் என்றார். எங்கே என்று கேட்கத் தோன்றியது. டாக்டரிடம் கேட்கிற கேள்வியா அது?

சின்னவளுக்கான மூன்று மணி நேரம் குறைவில்லாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சாரின் தலைக்கு நேர் மேலே.

ஜூலை 13

சின்ன மாமா வந்திருந்தார். செஸ்ஸில் போடு என்கிறார். பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலியை டி.வி. முன்னாலிருந்து எழுப்பத்தான் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அவளைப் பார்த்துத் தம்பி பழகினான். இரண்டு பேருமே கிராண்ட் மாஸ்டர். உண்மைதான். ஆனால் அது உட்கார்ந்திருந்த பிள்ளையை வேறொன்றின் முன்னால் உட்கார வைத்த கதை. என் வீட்டில் செஸ் நுழைந்தால் முதல் பரிசு ஓனரம்மாவுக்குத்தான்.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை வேலை அடியோடு நின்றது. நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். காற்று ஆளைத் தள்ளுகிறது.

கீழே சார் வாசலில் உட்கார்ந்திருந்தார். உடம்பைப் பற்றிக் கேட்டேன். "நடக்கச் சொல்றாங்க. எனக்கு எங்க போகப் பிடிக்குது" என்றார். பிறகு அவராகவே பையிலிருந்து மொட்டைமாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஐந்திலிருந்து ஆறு மட்டும், நான் கூடவே நிற்க வேண்டும், காயப்போட்ட மிளகாயை மிதிக்கக் கூடாது. "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஜூலை 21 முதல் 26 வரை

பட்டம். எழுத நேரமில்லை.

ஜூலை 27

சின்னவளின் கம்புப் பைத்தியம் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பால் வாங்கப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் காலை ஆறு மணிக்குச் சிலம்பம் நடக்கிறது. கேட் கம்பி வழியாக நின்று பார்த்தே பழகியிருக்கிறாள். உள்ளே கூட்டிப் போனேன். ஆசானுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெண் பிள்ளைகள்தான் அதிகம்.

"கம்பு நெத்தி உயரத்துக்கு இருக்கணும். இவளுக்கு எந்தக் கம்பு வெட்டுறது?" என்று சிரித்தார். ஏழு வயதாகட்டும் என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "கம்பக் கண்ணுல காட்ட மாட்டேன். காலடி மட்டும் போடட்டும்" என்றார். மண்ணில் குதிகாலால் கோடு கிழித்து, அதன்மேல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, திரும்பு என்று வைத்துக் காட்டினார். இவள் இரண்டே நிமிஷத்தில் கோட்டை விட்டுவிட்டு மைதானத்தின் அந்தக் கடைசிவரை ஓடினாள். நான் கூப்பிடப் போனேன். "விடுங்க சார், வருவா" என்றார். வந்தாள். மறுபடி ஓடினாள். மறுபடி வந்தாள்.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்குப் பரதநாட்டியம்தான் என்கிறார். அதிலும் காலைத் தட்டத்தான் வேண்டும், கீழே கேட்கும் என்றேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அவள் பெரியவனை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனாள். அவன் படிக்கட்டுக் கம்பியை விடவே இல்லை. வீட்டில் சோபா முதுகிலிருந்து குதிக்கிறவன், இடுப்பளவுத் தண்ணீரில் உதடு நடுங்க நிற்கிறான். கோச் இழுக்கவில்லை, தள்ளவில்லை. "தண்ணியில ஊது, குமிழி வரட்டும்" என்றார். ஒரு மணி நேரமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டே இருந்தான்.

அவ்வளவு நேரம் ஒரே இடத்தில்.

ஆகஸ்ட் 12

எனக்கு எரிச்சலாக வருகிறது. காலை சிலம்பம், டிபன், பள்ளிக்கூடம், அச்சகம், மொட்டைமாடி, பாத்திரம். நீச்சலுக்குச் சனி ஞாயிறுதான். ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் தூங்கிவிடுகின்றன, அது ஒன்றுதான் லாபம். போன மாதமெல்லாம் பத்தரை, பதினொன்று வரை கட்டில்மேல் ஆட்டம்.

ஆகஸ்ட் 23

ஆவணி முகூர்த்த வேலை குவிந்துவிட்டது. மொட்டைமாடியில் நின்றுகொண்டே போனில் ப்ரூஃப் திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியவனின் பட்டம் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் சிக்கியது. தொட்டிக்குப் போட்ட செங்கல் மேடையில் ஏறி எடுத்தான். நான் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். எதிர் வீட்டிலிருந்து பார்த்த யாரோ, பையன் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நிற்கிறான் என்று கீழே சொல்லிவிட்டார்கள். ஓனரம்மா சாவியை வாங்கிக்கொண்டார். "ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா எங்களால தாங்க முடியாது தம்பி." அவர் கை நடுங்கியது. சார் ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 24

மறுபடியும் ஹால். மறுபடியும் உரல்.

செப்டம்பர் 6

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பி.டி. பீரியடைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். பின் வரிசையில் இரண்டு அம்மாக்கள் தலையாட்டினார்கள். போர்ஷன் முடிய வேண்டுமே என்றார்கள் மேடையில். டீச்சரிடம் டாக்டரின் கேள்வித்தாளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இப்ப காலையில முதல் ரெண்டு பீரியட் பரவாயில்ல சார்" என்றார். காலை நேரச் சிலம்பத்துக்குச் சின்னவளை விடப் போகும்போது இவனும் கூடவே வந்து மைதானத்தைச் சுற்றுகிறான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது. அக்டோபரில் டாக்டர் என்ன சொல்கிறாரோ.

செப்டம்பர் 14

வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதம், அக்டோபரோடு முடிகிறது. ஓனரம்மா போகச் சொல்லவில்லை. நாங்களாகத்தான் பார்க்கிறோம். புரோக்கர் காட்டியதெல்லாம் மாடி வீடுதான். மதுரையில் கீழ் வீட்டில் ஓனர் இருப்பார், குடித்தனக்காரன் மேலே இருப்பான். கீழே ஓடியாடப் பிள்ளை இருக்காது, மேலே ஓடியாட இடம் இருக்காது. வீடு கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்தால் தேவலை. கீழ் வீடு ஒன்றே ஒன்று வந்தது. குழந்தைகள் இருந்தால் வேண்டாம், செடி வைத்திருக்கிறோம் என்றார்கள்.

நாளைக்கு எங்கள் அச்சகத்து நோட்டீஸிலேயே ஓரத்தில் போட்டுவிடப் போகிறேன்: தெப்பக்குளம், காமராஜர் சாலை பக்கம் கீழ் வீடு வாடகைக்குத் தேவை. வாசலில் கொஞ்சம் மண் தரை இருக்க வேண்டும். வாடகை பன்னிரண்டாயிரம் வரை. ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள் உண்டு. இருவரும் நன்றாக ஓடுவார்கள்.